கண்ணீர் ஒன்று, கணக்கு இரண்டு

'சுனாமி' என்ற சொல் 2004 டிசம்பர் 26-ஆம் நாளுக்கு முன் தமிழ்ப் பேச்சில் இல்லை என்றே சொல்லிவிடலாம். நாளிதழ்களின் உலகச் செய்திப் பக்கத்தை ஊன்றிப் படிப்பவர்கள் சிலர் அறிந்திருக்கக் கூடும். அன்று காலைக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் எழுத்தறியாத முதியவருக்கும் அது தெரிந்த சொல்லாகிவிட்டது. 'ஆழிப்பேரலை' என்று நல்ல தமிழில் பெயர்த்தும் பார்த்தோம். ஆயினும் மக்கள் நாவில் நின்றது ஜப்பானியச் சொல்தான். 'துறைமுக அலை' என்பது அதன் நேர்ப்பொருள்.

இச்சொல்லை ஜப்பானியரிடமிருந்து பெற்றுக்கொண்ட நாம், அதற்குப் பக்கத்திலேயே அவர்கள் வைத்திருக்கும் வேறிரண்டு சொற்களைக் கவனிக்கவில்லை. 'தென்சாய்' என்பது ஒன்று; வானம் தந்த அழிவு என்று பொருள். 'ஜின்சாய்' என்பது மற்றொன்று. மனிதன் தந்த அழிவு. ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் அந்நாட்டில் எழும் முதன்மையான வழக்கு, நடந்தது இவ்விரண்டில் எது என்பதே. சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் இவ்வழக்கில் நீதிமன்றங்களும் அமைச்சர்களும் எழுத்தாளர்களும் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் இறங்கியிருக்கிறார்கள். ஒரு தேசத்தின் வரலாற்றில் இறந்தவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதை இவ்விரு சொற்களே தீர்மானிக்கின்றன. நில அதிர்வும் எரிமலையும் சூறைக்காற்றும் அணுகுண்டும் ஒருசேரக் கண்ட தேசம் அது. ஆகவே இவ்வழக்கை ஜப்பானிய வரலாற்றின் வழியாகப் பார்ப்பதே பொருத்தமானது.

ஜப்பானிய இலக்கியத்தில் பேரழிவுகளைப் பற்றிய மூல நூல் என்று சொல்லத்தக்கது 'ஹோஜோகி'. கமோ நோ சோமெய் என்ற துறவி 1212-இல், பத்தடிச் சதுரக் குடிசையொன்றில் இருந்துகொண்டு எழுதியது. தாம் கண்ட ஐந்து பேரழிவுகளை அதில் அவர் வரிசைப்படுத்துகிறார்: 1177-இல் தலைநகர் கியோத்தோவை எரித்த தீ, 1180-இன் சுழற்காற்று, அதே ஆண்டில் தலைநகரை ஃபுகுஹராவுக்கு மாற்றியது, 1181 முதல் ஈராண்டு நீடித்த பஞ்சம், 1185-இன் நிலநடுக்கம். இவ்வரிசையின் மூன்றாவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தலைநகர் மாற்றம் வானத்திலிருந்து விழுந்ததன்று. தைரா நோ கியோமோரி என்ற அதிகாரம் மிக்க மனிதர் எடுத்த முடிவு. வீடுகள் பிரிக்கப்பட்டு ஆற்றில் மிதக்கவிடப்பட்டன. பழைய நகர் பாழாயிற்று, புதிய நகர் எழவில்லை. சோமெய் அதைக் காற்றுக்கும் பஞ்சத்துக்கும் இடையே, அதே குரலில், நிலையாமையின் இன்னொரு சான்றாகச் சொல்லிச் செல்கிறார்.

பஞ்சத்தைப் பற்றிய பகுதியோ படிப்பவரை உறங்கவிடாதது. தெருவில் கிடந்த பிணங்களின் நெற்றியில் 'அ' என்ற வடமொழி எழுத்தை எழுதி, அவர்களைப் புத்தரோடு இணைத்துச் சென்ற துறவி ஒருவரைப் பற்றி அதில் எழுதுகிறார். இரண்டு மாதங்களில், நகரின் கிழக்குப் பாதியில் மட்டும், அத்துறவி எண்ணியவை 42,300-க்கும் மேல். ஆனால் அவ்வாண்டுகளில் தைரா குலத்துக்கும் மினமோதோ குலத்துக்கும் இடையே நாடு தழுவிய போர் நடந்துகொண்டிருந்தது. மாகாணங்களிலிருந்து தலைநகருக்கு வர வேண்டிய தானியத்தின் வழிகளை அப்போரும் அடைத்தது. சோமெய் அப்போரைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. மழை பொய்த்ததும் வெள்ளம் வந்ததும் பக்கத்தில் இருக்கின்றன, படைகள் இல்லை.

இதைச் சோமெயின் குறை என்று சொல்ல நான் முன்வரமாட்டேன். உலகைத் துறந்தவனின் கண்ணுக்குத் தீயும் ஆணையும் ஒன்றாகத் தெரிவது அவன் துறவின் இயல்பு. பிணங்களுக்கு நடுவே நிற்பவனுக்கு நிலையாமையை விடப் பெரிய ஆறுதலும் இல்லை. என் கவலை வேறு. துறவியின் அந்தப் பார்வையைப் பின்னாளில் ஓர் அரசாங்கம் எடுத்து அணிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதே அது.

1923 செப்டம்பர் 1, முற்பகல் 11 மணி 58 நிமிடம். தோக்கியோவையும் யோகோஹாமாவையும் குலுக்கிய காந்தோ நிலநடுக்கத்தில் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,05,000 பேர். மதிய உணவுக்காக மூட்டிய அடுப்புகள், மரவீடுகள், அன்று வீசிய பலத்த காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தன. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தீயில் மாண்டவர்கள். இராணுவ உடைக் கிடங்கு இருந்து காலியான ஒரு திடலில் தட்டுமுட்டுச் சாமான்களோடு தஞ்சம் புகுந்தவர்கள் மட்டும் 38,000 பேர் நெருப்புச் சுழலில் கருகினார்கள். இதுவரை நடந்ததைத் தென்சாய் என்று எழுதலாம்.

அன்று மாலையே வதந்தி புறப்பட்டது. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்றது அது. 1910 முதல் கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தது. கூலி வேலைக்கு வந்த கொரியர்கள் தோக்கியோவின் ஏழைப் பகுதிகளில் வாழ்ந்தனர். வதந்தியைத் தெருவில் பரப்பியவர்கள் அஞ்சிய மக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் செப்டம்பர் 3-ஆம் நாள் காலை உள்துறை அமைச்சகத்தின் காவல் பிரிவுத் தலைவர் பெயரில், ஃபுனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து, கொரியர்கள் தீ வைத்து வருவதாக நாடெங்கும் உள்ள அதிகாரிகளுக்குச் செய்தி போயிற்று. வதந்தி அரசாணை ஆயிற்று. மூங்கில் ஈட்டியும் வாளும் ஏந்திய ஊர்க்காவல் குழுக்கள் வழிமறித்தன. 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்பதை ஜப்பானியத்தில் சொல்லச் சொன்னார்கள். சொல்லின் முதலில் வரும் மெல்லோசை கொரிய நாவுக்கு எளிதில் வராது. நா பிறழ்ந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சீனர்களும் கொல்லப்பட்டார்கள். சிபா மாகாணத்தின் ஃபுகுதா கிராமத்தில், ககவா மாகாணத்திலிருந்து மருந்து விற்க வந்த ஒன்பது ஜப்பானியர்கள், அவர்களின் வட்டார வழக்கு அவ்வூராருக்கு அந்நியமாக ஒலித்ததால் கொல்லப்பட்டார்கள்.

திரைப்பட மேதை அகிரா குரோசவாவுக்கு அப்போது வயது பதின்மூன்று. தம் சுயசரிதையில் அவர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று இக்கட்டுரையின் மொத்தத்தையும் விட வலிமையானது. ஊரார் ஒரு கிணற்றின் நீரைக் குடிக்கக் கூடாது என்று தடுக்கிறார்கள். கிணற்றுச் சுவரில் கொரியர்கள் நஞ்சு கலந்ததற்கான அடையாளக் குறி இருக்கிறதாம். சிறுவன் போய்ப் பார்க்கிறான். அது அவனே முன்பு விளையாட்டாகக் கிறுக்கி வைத்தது. 'ராஷோமோன்' கதையை எழுதிய அகுதகவா ரியுனொசுகேயும் தம் பகுதியின் ஊர்க்காவல் குழுவில் நின்றவர். நிலநடுக்கத்தைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளில் நண்பர் கிகுச்சி கானுடன் நடந்த உரையாடல் ஒன்று வருகிறது. கொரியச் சதியைப் பற்றி அகுதகவா சொல்ல, அதெல்லாம் பொய் என்று கிகுச்சி கடிந்துகொள்கிறார். உடனே அகுதகவா, நல்ல குடிமகனானவன் இத்தகைய சதிகளை நம்ப வேண்டும், நம்ப முடியாவிட்டால் நம்புவதுபோல முகத்தையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் எழுதிச் செல்கிறார். தணிக்கையின் நிழலில் அங்கதம் மட்டுமே அவருக்கு வழியாயிற்று. செல்வந்தர் ஷிபுசவா எய்இச்சி போன்றோர் நிலநடுக்கத்தை ஆடம்பரத்துக்கு வானம் தந்த தண்டனை என்றபோது அதையும் ஏற்க மறுத்தவர் அவர்.

குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு செப்டம்பர் 16 அன்று அராஜகச் சிந்தனையாளர் ஓசுகி சாகேயையும் பெண்ணுரிமை எழுத்தாளர் இத்தோ நோயேயையும் ஆறு வயது உறவுச் சிறுவன் ஒருவனையும் இராணுவக் காவல்துறையினர் கொன்றார்கள். தண்டனை பெற்ற அதிகாரி மூன்றாண்டு முடிவதற்குள் விடுதலையானார்.

கொல்லப்பட்ட கொரியர்களின் தொகை எவ்வளவு? அன்றைய அரசு ஒப்புக்கொண்டது சில நூறு. கொரியர்களே அக்காலத்தில் நடத்திய விசாரணை 6,000-க்கும் மேல் என்றது. ஜப்பானிய அமைச்சரவை அலுவலகத்தின் பேரிடர் தடுப்பு மன்றத்துக்காக அறிஞர்கள் தயாரித்த அறிக்கை, நிலநடுக்கத்தில் இறந்தோர் தொகையில் ஒன்று முதல் சில விழுக்காடு வரை படுகொலைக்கு உள்ளானவர்கள் என்று மதிப்பிடுகிறது. அதாவது ஆயிரத்திலிருந்து சில ஆயிரம். எண்ணிக்கை துல்லியமாக இல்லாமற் போனதற்குக் காரணம் நிலநடுக்கம் அன்று; பிணங்களை மறைத்தவர்கள் மனிதர்கள்.

இனி அந்த 38,000 பேர் எரிந்த திடலுக்கு வருவோம். இன்று அது யோகோஅமிச்சோ பூங்கா. இத்தோ சூதா என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1930-இல் அங்கு நினைவு மண்டபம் ஒன்று எழுந்தது. நிலநடுக்கத்தில் இறந்த ஏறத்தாழ 58,000 பேரின் அஸ்தி அதில் வைக்கப்பட்டது. 1945 மார்ச் 10-ஆம் நாள் பின்னிரவில், ஏறத்தாழ முந்நூறு அமெரிக்க விமானங்கள் அதே தாழ்நகர்ப் பகுதிகளின் மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. ஒரே இரவில் இறந்தோர் சுமார் ஒரு லட்சம். குண்டுவீச்சுகளில் இறந்த 1,05,000 பேரின் அஸ்தியையும் வேறிடம் இன்மையால் அதே மண்டபத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். 1951-இல் மண்டபத்தின் பெயரிலிருந்து 'நிலநடுக்கம்' என்ற சொல் நீக்கப்பட்டது. ஆக, ஒரே கூரையின் கீழ் 1,63,000 பேர். நில அதிர்வில் இறந்தவரும் போரில் இறந்தவரும் அங்கே பிரிக்கப்படவில்லை. அவ்விரு வகையினரின் பேரர்களும் ஒரே இடத்தில் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அதில் குறைகூற எனக்கு ஒன்றும் இல்லை.

கணக்கிலும் இதே கலப்பு நிகழ்ந்ததுதான் துயரம். 1941-இல் திருத்தப்பட்ட வான்தாக்குதல் தற்காப்புச் சட்டம், நகரவாசிகள் வெளியேறுவதைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. குண்டு விழுந்தால் தீயை அணைப்பதைக் குடிமக்களின் கடமை ஆக்கியது. வாளியோடு நின்றவர்கள் எரிந்தார்கள். போருக்குப் பின் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஓய்வூதியம் கிடைத்தது. குண்டுவீச்சில் கை கால் இழந்த சாதாரண மக்களுக்கு அத்தகைய ஈடு கிடைக்கவில்லை. நகோயா நகரத்தார் தொடுத்த வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நியாயம், போரின் இழப்புகளை மக்கள் அனைவரும் சமமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே. தோக்கியோவாசிகளின் வழக்கும் 2013-இல் தோல்வியில் முடிந்தது. அரசே தொடங்கி நடத்திய ஒரு போரைச் சட்டம் இங்கே மழை வெள்ளத்தைப் போலப் பாவிக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1944 டிசம்பர் 7 அன்று தோனங்காய் நிலநடுக்கமும், 1945 ஜனவரி 13 அன்று மிகவா நிலநடுக்கமும் மத்திய ஜப்பானைத் தாக்கின. முதலாவதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் இரண்டாவதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரும் இறந்தனர். போர்க்காலத் தணிக்கை இவ்வழிவுகளை நாளிதழ்களின் மூலையில் ஒதுக்கியது. விமானத் தொழிற்சாலைகள் இடிந்ததை எதிரி அறியக் கூடாதாம். நாட்டு மக்களுக்கும் தெரியாமற்போயிற்று. வேண்டும்போது மனிதச் செயலை வானத்தின் பேரில் எழுதிய கைகள், வேண்டாதபோது வானத்தின் செயலையும் அழித்துவிட்டன.

போருக்குப் பின் வந்த மினமாதாவும் இதே பாடம். 1956-இல் அக்கடற்கரையில் கைகால் விளங்காமல் துடித்த குழந்தைகள் அதிகார பூர்வமாகக் கண்டறியப்பட்டபோது அதற்கு வைத்த பெயர் 'விசித்திர நோய்'. தொற்றுநோயோ என்று வீடுகளில் கிருமிநாசினி தெளித்தார்கள்; அண்டை வீட்டார் ஒதுக்கினார்கள். 1959-இல் சிஸ்ஸோ நிறுவனத்தின் சொந்த மருத்துவரே ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டி நோய் வருவதைக் கண்டார்; நிறுவனம் அம்முடிவை வெளியிடவில்லை. ஆலைக் கழிவின் பாதரசமே காரணம் என்று அரசு ஏற்க 1968 ஆயிற்று. மறு ஆண்டு இஷிமுரே மிச்சிகோ நோயுற்றோரின் குரலில் எழுதி வெளியிட்ட 'குகாய் ஜோதோ' அந்த விசித்திர நோய்க்கு மனித முகவரியைத் தந்தது. சோமெய்க்கு ஏழரை நூற்றாண்டுகளுக்குப் பின் ஜப்பானிய இலக்கியம் அவருக்குச் சொன்ன மறுமொழியாக நான் அந்நூலைக் கருதுகிறேன்.

பின்னர் 2011 மார்ச் 11. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன கடல் அது. அன்று மின்நிறுவனமும் அதிகாரிகளும் பயன்படுத்திய சொல் 'சோதெய்காய்', எதிர்பார்ப்புக்கு அப்பாற்பட்டது. ஆனால் கி.பி. 869-இல் அதே கரையைச் சூறையாடிய ஜோகன் பேரலையை அரசவை வரலாறு பதிவு செய்திருந்தது. அது கொண்டுவந்த மணற்படிவை அறிஞர்கள் வயல்களின் அடியில் கண்டிருந்தார்கள். 2008-இல் தோக்கியோ மின்நிறுவனத்தின் உள்கணிப்பே 15.7 மீட்டர் அலை வரலாம் என்றது. ஃபுகுஷிமா முதலாம் அணுமின் நிலையமோ, 35 மீட்டர் உயரக் குன்றைப் பத்து மீட்டராக வெட்டித் தாழ்த்திய தளத்தில் நின்றது. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் ஒனகவா அணுமின் நிலையம் இருக்கிறது. ஜோகன் பேரலையை மறவாத ஹிராய் யனோசுகே என்ற பொறியாளர், தளம் 14.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். சுமார் 13 மீட்டர் அலை வந்தது. உலைகள் பாதுகாப்பாக நின்றன. வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறு பேருக்கு மேல் அந்நிலைய வளாகத்திலேயே தங்கினார்கள். ஒரே கடல், ஒரே நாள், ஒரே அலை. வேறுபட்டது மனித முடிவு மட்டுமே.

நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012 ஜூலையில் ஃபுகுஷிமா விபத்து மனிதனால் விளைந்ததே என்று ஐயமின்றி எழுதியது. அதே அறிக்கையின் ஆங்கிலப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் குழுத் தலைவர் குரொகவா கியோஷி, இதன் வேர் ஜப்பானியப் பண்பாட்டிலேயே இருப்பதாகச் சொன்னார். கீழ்ப்படிதல், கேள்வி கேளாமை முதலியன காரணங்களாம். மேலோட்டத்தில் துணிச்சலான தன்விமரிசனம். ஆழ்ந்து பார்த்தால் மனித அழிவு மறுபடியும் வான அழிவாகிவிடுகிறது. பண்பாட்டைக் கூண்டில் ஏற்ற முடியாது. கடல்சுவரைத் தள்ளிப்போட்டவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, கூட்டக் குறிப்பு உண்டு. ஆயினும் முன்னாள் உயர் நிர்வாகிகள் மீதான குற்ற வழக்கில் விடுதலைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. அத்தகைய அலையை முன்னறிந்திருக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லையாம்.

எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துக்கொண்டிருப்பது துயரத்தை வழக்காக்குவது ஆகாதா, இறந்தவர் எல்லோரும் இறந்தவரே அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியில் கருணை இருக்கிறது. ஆனால் அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யோகோஅமிச்சோ பூங்காவில் 1973 முதல் கொல்லப்பட்ட கொரியர்களுக்கும் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அன்று அங்கு நடக்கும் நிகழ்ச்சிக்குத் தோக்கியோ ஆளுநர்கள் இரங்கற் செய்தி அனுப்புவது வழக்கம். தீவிர தேசியவாதியாக அறியப்பட்ட நாவலாசிரியர் இஷிஹரா ஷிந்தாரோ ஆளுநராக இருந்தபோதும் அனுப்பினார். கொய்கே யுரிகோ 2017-இல் அதை நிறுத்தினார். அடுத்து வந்த ஆண்டுகளிலும் அனுப்பவில்லை. அவர் தந்த விளக்கம், நிலநடுக்கத்தில் இறந்த அனைவருக்கும் பெரிய மண்டபத்தில் நடக்கும் பொது நிகழ்ச்சியிலேயே அஞ்சலி செலுத்திவிடுகிறேன் என்பது. நூற்றாண்டு நிறைவான 2023-இல் அரசின் தலைமைச் செயலர், படுகொலையைப் பற்றி உண்மை அறியத்தக்க பதிவு அரசிடம் இல்லை என்றார். 'அனைவரும்' என்ற சொல் இவ்வளவு கொடுமையாகவும் பயன்படும். ஈட்டியால் குத்தப்பட்டவனை அது இடிபாட்டில் சிக்கியவனோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறது.

பிரித்தெழுதுவது பழிவாங்கலுக்காக என்று எண்ண வேண்டாம். இஷினோமாகி நகரைச் சேர்ந்த ஒகவா தொடக்கப் பள்ளியில் 2011-இல் 74 குழந்தைகளும் பத்து ஆசிரியர்களும் மாண்டார்கள். அதிர்வுக்கும் அலைக்கும் இடையே ஐம்பது நிமிடங்கள் இருந்தன. பள்ளியின் பின்னாலேயே மலைச்சரிவு இருந்தது. குழந்தைகளை விளையாட்டுத் திடலில் நிறுத்திவைத்திருந்தார்கள். அரசின் வரைபடம் பள்ளியை அலை எட்டாத பகுதியாகக் காட்டியிருந்தது. ஆகவே இது தென்சாய் என்றார்கள். 23 குடும்பங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இறந்த ஆசிரியர்களின் குடும்பங்களும் அதே ஊரில் துக்கத்தில் இருக்கையில் வழக்குத் தொடுப்பது எளிதன்று. பணத்துக்காக என்ற ஏச்சும் அவர்களுக்குக் கிடைத்தது. 2018-இல் செண்டாய் உயர் நீதிமன்றம், அந்த ஐம்பது நிமிடங்களுக்கு முன்பே, அமைதியாக இருந்த நாட்களில் தப்பும் வழியைத் திட்டமிடாததே தவறு என்று பள்ளி நிர்வாகத்தையும் கல்வி அதிகாரிகளையும் பொறுப்பாக்கியது. வரைபடத்தை அப்படியே நம்பியதும் பொறுப்பைக் குறைக்காது என்றது. 2019-இல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று.

அத்தீர்ப்பு ஒரு குழந்தையையும் திருப்பித் தரவில்லை. ஆனால் ஜப்பானின் ஏதோவொரு கடற்கரைப் பள்ளியில் இன்று ஒரு தலைமையாசிரியர், வரைபடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலிருக்கும் மலைக்குப் பாதை இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டியவராகிறார். வானம் செய்ததற்கு அழுவதோடு நின்றுவிடலாம். மனிதர் செய்ததை அப்பெயரில் எழுதி வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாதை கிடைக்கும்.